மீன் தொட்டி ஸ்க்ரீன்சேவர் கேட்ட அப்பா, எக்ஸ்இ பார்த்து பயந்த நான்

ஸ்க்ரீன்சேவருக்கு, அதாங்க கம்ப்யூட்டர் சும்மா இருக்கறப்போ ஸ்க்ரீன்ல தானா ஓடற படத்துக்கு, ரிவ்யூவான்னு சிரிக்காதீங்க, ரெண்டு வாரம் இதுக்காக உட்கார்ந்திருக்கேன்.

எங்கப்பா ரிட்டயர் ஆனப்புறம் வீட்ல இருக்கற பழைய டெஸ்க்டாப் அவரோட சொத்தாயிடுச்சு. காலைல பேப்பர், அப்புறம் யூட்யூப்ல பழைய பாட்டு, நடுவுல இபி பில், கேஸ் புக்கிங், எல்லாம் அதுலதான். போன பொங்கலுக்கு திருச்சி வீட்டுக்குப் போனேன், ஏதோ டிக்கெட் பிரிண்ட் எடுக்கலாம்னு கம்ப்யூட்டர ஆன் பண்ணா பிரவுசரே வேற யாரோடதோ மாதிரி இருக்கு. மேல ரெண்டு டூல்பார், ஹோம் பேஜ் மாறியிருக்கு, வலது மூலைல நிமிஷத்துக்கு ஒருக்கா "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது"ன்னு செவப்பு பெட்டி குதிக்குது. "என்னப்பா பண்ணீங்க"ன்னு கேட்டா "நான் ஒண்ணுமே பண்ணலடா, மீன் தொட்டி ஒண்ணு டவுன்லோட் பண்ணேன், அவ்ளோதான்"ங்கறார். எங்கயோ ஒரு பேங்க்ல மேனேஜர் கம்ப்யூட்டர்ல மீன் நீந்தறத பாத்திருக்கார், அதே மாதிரி வேணும்னு தேடி முதல்ல வந்த ஃப்ரீ அக்வேரியத்த இறக்கிட்டார். அந்த இன்ஸ்டாலர்ல வரிசையா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கினதுல மீனோட சேந்து முதலையும் வந்துடுச்சு. பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைல காட்டினா ஃபார்மட் அடிச்சாதான் ஆகும்னு சொல்லியிருக்காங்க, நல்லவேளை நான் வர்ற வரைக்கும் அப்பா ஒத்துக்கல, ஏன்னா தங்கச்சி கல்யாண ஃபோட்டோ மொத்தமும் அதே டிரைவ்லதான் இருக்கு.

தேவையில்லாதத எல்லாம் அன்இன்ஸ்டால் பண்ணி, பிரவுசர ரீசெட் பண்ணி, நோட்டிஃபிகேஷன் பெர்மிஷன எல்லாம் எடுத்து, விண்டோஸோட டிஃபெண்டர் ஆன்டிவைரஸ்ல ஃபுல் ஸ்கேன் ஓட்டி முடிக்கறதுக்கு ராத்திரி ஒரு மணி ஆச்சு. முடிஞ்சதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "மீன் எங்கடா?"

அதுக்கப்புறம்தான் உருப்படியான, காசில்லாத, சூனியம் வைக்காத ஸ்க்ரீன்சேவர் எதுன்னு ஒவ்வொண்ணா போட்டு பாக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்லிடறேன். விண்டோஸ்ல ஸ்க்ரீன்சேவர் ஃபைலுக்கு கடைசில டாட் எஸ்சிஆர்னு இருக்கும், பாத்தா ஏதோ படம் வீடியோ மாதிரி தோணும், ஆனா அது அசல் எக்ஸ்இ, அதாவது ஓடற ப்ரோக்ராம், வேற சட்டை போட்டுக்கிட்டு நிக்குது அவ்ளோதான். டபுள் கிளிக் பண்ணா ஒரு ப்ரோக்ராம் என்னென்ன செய்யுமோ அத்தனையும் செய்யும். இதுல கொடுமை என்னன்னா விண்டோஸ் தானாவே ஃபைல் பேரோட வால மறைச்சு வைக்கும், அதனால "மீன் டாட் ஜேபிஜி டாட் எஸ்சிஆர்"னு ஒருத்தன் பேர் வச்சு அனுப்பினா நமக்கு "மீன் டாட் ஜேபிஜி"ன்னு மட்டும்தான் தெரியும், ஐகானையும் படம் மாதிரி வச்சுட்டா முடிஞ்சது கதை. ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்ங்கற டிக்க போட்டு விட்டுடுங்க, ஸ்க்ரீன்சேவர் வேணுமோ வேணாமோ இத இன்னைக்கே பண்ணுங்க.

இது புதுசா வந்த ஆபத்தும் இல்ல. 2009ல ஆன்டிவைரஸ் செய்யற மெக்காஃபி கம்பெனி இன்டர்நெட்ல எந்த வார்த்தைய தேடினா அதிக ஆபத்துன்னு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டப்போ முதலிடம் புடிச்சது ஸ்க்ரீன்சேவர்ஸ்ங்கற வார்த்தைதான். பாட்டு வரி தேடறத விட, வீட்டிலிருந்தே சம்பாதிங்க தேடறத விட மோசம். ஏன்னா ஸ்க்ரீன்சேவர் தேடறவன் யாருன்னு வைரஸ் வைக்கறவனுக்குத் தெரியும். ஒண்ணு சின்னப் பசங்க, இல்ல எங்கப்பா.

சரி, இப்போ வரிசைக்கு வருவோம்.

விண்டோஸ் கூடவே வர்றது ஆறு. த்ரீடி டெக்ஸ்ட், ப்ளாங்க், பபிள்ஸ், மிஸ்டிஃபை, ஃபோட்டோஸ், ரிப்பன்ஸ். ஸ்டார்ட்ல ஸ்க்ரீன் சேவர்னு டைப் பண்ணாலே அந்தப் பழைய காலத்து சின்ன ஜன்னல் வரும், விண்டோஸ் 11லயும் அதே ஜன்னல்தான், மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்களே தவிர உள்ள தாத்தா காலத்து வீடு. மிஸ்டிஃபையும் ரிப்பன்ஸும் அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கும், அப்புறம் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி ஆயிடும். ப்ளாங்க் பத்தி என்ன எழுத, கருப்பு.

த்ரீடி டெக்ஸ்ட்ல ஒரு கூத்து. பேரன் வந்தா கீபோர்ட போட்டு தட்டறான்னு அப்பா புலம்பினதால "கம்ப்யூட்டரைத் தொடாதே"ன்னு சுத்த விடலாம்னு டைப் பண்ணேன். கடைசி எழுத்து விழவே இல்ல. என்னடான்னு பாத்தா அந்தப் பெட்டிக்குள்ள 20 எழுத்துதான் ஏறும், நமக்கு யூ-ங்கறது ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ய தனி ஊகாரக் குறி தனி, மெய்யெழுத்துன்னா புள்ளி தனி. எண்ணிப் பாருங்க, சரியா 21 வரும். கடைசி ஏகாரம் வெட்டுப்பட்டு "கம்ப்யூட்டரைத் தொடாத"ன்னு நின்னுது, பேச்சுத் தமிழுக்கு அதுவே கரெக்ட்டுதானே! ஆனா ஓட விட்டு பாத்தப்போ எங்க சிஸ்டத்துல தமிழ் எழுத்து ஒழுங்கா ஒட்டி வரல, கால் ஒரு பக்கம் புள்ளி ஒரு பக்கம்னு போச்சு, அதனால அந்தத் திட்டத்த கைவிட்டாச்சு.

இந்த ஆறுல என் ஓட்டு ஃபோட்டோஸுக்குத்தான், கண்ண மூடிட்டு சொல்வேன். செட்டிங்ஸ அமுக்கினா எந்த ஃபோல்டர்லேருந்து படம் எடுக்கணும், மெதுவாவா வேகமாவா, கலைச்சுப் போடணுமா, இந்த மூணே கேள்விதான். இதுல இருக்கற பெரிய நிம்மதி என்னன்னா நாம ப்ரோக்ராம் எதையும் புதுசா உள்ள விடறதில்ல, ப்ரோக்ராம் மைக்ரோசாஃப்டோடது, நாம குடுக்கறது வெறும் படம். படம் எங்க கிடைக்கும்னா நாசாவோட சைட்டுக்குப் போங்க, அமெரிக்க அரசாங்கத்தோடதுங்கறதால அவங்க படங்கள் பெரும்பாலும் காப்பிரைட் இல்லாம ஃப்ரீயாவே கிடைக்கும். 2022 ஜூலை 12 அன்னைக்கு ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்போட முதல் கலர் படங்கள வெளியிட்டாங்க இல்லையா, அதுல கரினா நெபுலான்னு செம்மண் மலை மாதிரி ஒண்ணு இருக்கும், மேல நீல வானம், அடில காவிக் கலர்ல பாறை பாறையா, உண்மைல அது பாறையே கிடையாது, வாயுவும் தூசியும். அத போட்டு விட்டேன், அம்மா அடுப்படிலேருந்து எட்டிப் பாத்து "இது எந்த ஊருடா"ன்னு கேட்டாங்க. ஒரு சின்ன டிப்ஸ், நாசா படத்துல ஒரிஜினல் சைஸ எடுக்காதீங்க, சிலது பயங்கர வெயிட்டு, பழைய சிஸ்டம் மூச்சு வாங்கும், நடு சைஸ் போதும். தங்கச்சி கல்யாண ஃபோட்டோ ஃபோல்டரையும் இதுல சேத்து விட்டதுல வீட்ல எனக்கு தனி மரியாத, ஆனா பந்தி ஃபோட்டோவ எல்லாம் முன்கூட்டியே நீக்கிடுங்க, இல்லன்னா வாய திறந்து சாப்பிடற பெரியப்பா இருபத்திநாலு இன்ச்ல வருவார்.

வெளிலேருந்து இறக்கிதான் ஆகணும்ங்கறவங்களுக்கு நான் நம்பறது நாலஞ்சுதான்.

ரியலி ஸ்லிக் ஸ்க்ரீன்சேவர்ஸ்னு ஒரு தொகுப்பு, டெர்ரி வெல்ஷ்னு ஒருத்தர் எழுதினது. ரொம்ப வருஷமா இருக்கு, ஜிபிஎல் லைசென்ஸ், அதாவது சோர்ஸ் கோடே வெளில கிடக்கு, யார் வேணா பிரிச்சுப் பாக்கலாம். விளம்பரம் கிடையாது, டூல்பார் கிடையாது, மெயில் ஐடி கேக்கறதில்ல. சைட்டும் அந்தக் காலத்து சைட்டு மாதிரியே இருக்கும், எனக்கு அதுவே நம்பிக்கையா இருந்துச்சு. இதுல ஸ்கைராக்கெட்னு ஒண்ணு, வாணவேடிக்கை. கொள்ளை அழகு சார், புகை காத்துல நகர்றது கூட தெரியும், நம்ம தீபாவளி ராத்திரி மொட்டை மாடி ஃபீலிங். ஆனா சத்தத்தோட வரும்! எனக்கு அது தெரியாம ஸ்பீக்கர ஆன்ல விட்டுட்டு கடைக்குப் போயிட்டேன், மத்தியானம் கண் அசந்திருந்த அம்மா டமால்னு எந்திரிச்சு சிலிண்டர் வெடிச்சுடுச்சோன்னு அடுப்படிக்கு ஓடியிருக்காங்க. செட்டிங்ஸ்ல வால்யூம் இருக்கு, மறக்காம குறைச்சுடுங்க. பழைய சிஸ்டத்துலயும் இது நல்லாவே ஓடுது, எங்க வீட்டு பொட்டிக்கே திணறல.

ப்ளேன்9 கொஞ்சம் நவீனம். இருநூறுக்கு மேல சீன் இருக்கு, பாட்டு ஓடினா தாளத்துக்கு ஏத்த மாதிரி உருவம் மாறும். இளையராஜா பாட்டு போட்டு விட்டேன், தபேலாவுக்கு அது குதிக்கறத பாக்கணுமே, அப்பா கூட ஒரு அஞ்சு நிமிஷம் மீன மறந்துட்டார். ஆனா கிராஃபிக்ஸ் கார்ட நல்லாவே வேலை வாங்குது, ஃபேன் சத்தம் கேட்டு நான் அத எடுத்துட்டேன். கேமிங் பிசி வச்சிருக்கற பசங்களுக்கு இது சரி, வீட்டு சிஸ்டத்துக்கு வேணாம், கரண்ட் பில் நாமதானே கட்டணும்.

ஃப்ளிக்லோ பத்தி நிறைய பேர் சொல்வாங்க, பழைய ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரி நம்பர் மடங்கி விழற கடிகாரம், கருப்புல வெள்ளை எழுத்து. அழகு, எளிமை, ஃப்ரீ, மேக்குக்கும் உண்டு. ஒரே சிக்கல் என்னன்னா பழைய வெர்ஷன் ஃப்ளாஷ்ங்கற அனிமேஷன் மென்பொருள நம்பி இருந்துச்சு, ஃப்ளாஷ 2020 டிசம்பர் 31ஓட அடோபியே ஊத்தி மூடிட்டாங்க, ஆனா கண்ட கண்ட டவுன்லோட் சைட்ல இன்னமும் அந்தப் பழசையே வச்சிருப்பான், அத போட்டுட்டு ஓடலையேன்னு ஃப்ளாஷ் தேடப் போனீங்கன்னா அங்க இன்னொருத்தன் போலி ஃப்ளாஷோட காத்துக்கிட்டு இருப்பான். செஞ்சவரோட சொந்த சைட்லேருந்து மட்டும் எடுங்க.

எலெக்ட்ரிக் ஷீப், ஸ்காட் டிரேவ்ஸ் 1999ல ஆரம்பிச்சது. உலகம் முழுக்க பயனர்களோட கம்ப்யூட்டர்லாம் சேந்து வரையற ஓவியம் மாதிரி, பயனர்கள் எதுக்கு ஓட்டு போடறாங்களோ அது பெருகும், மத்தது சாகும். ஐடியா கேட்டா புல்லரிக்குது, ஆனா வீடியோவ நெட்லேருந்து இறக்கிக்கிட்டே இருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்ல நெட் எடுக்கற வீட்டுக்கு இது ஆகாது, டேட்டா சாயங்காலத்துக்குள்ள காலி.

அப்புறம் எக்ஸ்ஸ்க்ரீன்சேவர். இத எழுதற ஜேமி ஜாவின்ஸ்கி 1992லேருந்து விடாம எழுதிக்கிட்டு இருக்கார், இருநூறுக்கு மேல இருக்கு, லினக்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு இது பெரிய விருந்து, மேக்குக்கும் கிடைக்கும். விண்டோஸுக்கு அவர் குடுக்கறதே இல்ல. அதனால விண்டோஸுக்கு எக்ஸ்ஸ்க்ரீன்சேவர்னு எவனாவது இன்ஸ்டாலர் நீட்டினா வாங்காம ஓடிடுங்க.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து பைப்ஸ் வேணும்னு ஏங்கறவங்க ஒரு கூட்டம் இருக்கு, நானும் அதுல ஒருத்தன். கம்ப்யூட்டர் லேப்ல மிஸ் வர்ற வரைக்கும் குழாய் வளர்றத பாத்துக்கிட்டே இருப்போம், எக்ஸ்பிக்கு முந்தின விண்டோஸா இருந்தா எப்பவாவது மூட்டுல குழாய்க்குப் பதிலா ஒரு டீ கெட்டில் வந்து உக்காரும், அத பாத்தவன் அன்னைக்கு கிளாஸ்ல ஹீரோ. அந்த ஃபைல தேடினா ஆயிரம் சைட் தூக்கிட்டு வருது, உள்ள என்ன கலந்திருக்குன்னு யார் கண்டா. வீட்ல பழைய எக்ஸ்பி சிஸ்டம் தூசி படிஞ்சு கிடந்தா அதோட சிஸ்டம்32 ஃபோல்டர்லேருந்து நீங்களே காப்பி எடுத்துக்குங்க, இல்லன்னா ஆசைய அடக்கிக்குங்க. செட்டிஅட்ஹோமும் அதே மாதிரி ஒரு ஞாபகம், நம்ம கம்ப்யூட்டர் சும்மா இருக்கறப்போ வேற்று கிரகத்து சிக்னல தேடும்னு 1999 மே மாசம் வந்தது, 2020 மார்ச்சோட புது வேலை அனுப்பறத நிறுத்திட்டாங்க. இப்போ அந்தப் பேர்ல யாராவது குடுத்தா அது ஏலியன் இல்ல.

எத இறக்கினாலும் நான் பண்றது இதுதான். ஃபைல திறக்காம வைரஸ்டோட்டல் சைட்ல ஏத்துவேன், அது எழுபது கிட்ட ஆன்டிவைரஸ்ல ஒரே நேரத்துல ஓட்டிப் பாத்து சொல்லும், காசு கிடையாது. யாருக்கும் தெரியாத ஒரு ஆன்டிவைரஸ் மட்டும் செவப்பு காட்டினா அது பெரும்பாலும் தப்புக் கணக்கு, பத்து இருவது காட்டினா அந்த ஃபைல உடனே டெலீட் பண்ணுங்க, யோசிக்கவே வேணாம். மொத்தமும் பச்சையா இருந்தா கூட அது நல்லவன்னு சர்டிஃபிகேட் இல்ல, நேத்து பொறந்த வைரஸ் இன்னைக்கு எவன் லிஸ்ட்லயும் இருக்காது. அப்புறம் எஸ்சிஆர் ஃபைல ரைட் கிளிக் பண்ணா இன்ஸ்டால்னு ஒண்ணு வரும் பாருங்க, அது ஃபைல எங்கயும் காப்பி பண்றதில்ல, இருக்கற இடத்துலேருந்தே எடுத்துக்கும். டவுன்லோட்ஸ்ல வச்சு இன்ஸ்டால் குடுத்துட்டு அடுத்த வாரம் டவுன்லோட்ஸ காலி பண்ணீங்கன்னா சேவரும் போயிடும், எனக்கு அப்படித்தான் வாணவேடிக்கை நின்னு போச்சு, அரை மணி நேரம் தலைய பிச்சுக்கிட்டேன்.

எல்லாம் சரியா வச்சும் வரவே மாட்டேங்குதுன்னா பவர் செட்டிங்ஸ பாருங்க. மானிட்டர் 5 நிமிஷத்துல அணையணும்னு அங்க இருக்கும், சேவர் 10 நிமிஷத்துல வரணும்னு இங்க இருக்கும், அப்புறம் அது எப்படி வரும், அதுக்குள்ள ஸ்க்ரீன் தூங்கிடுதே.

ஸ்க்ரீன்சேவர் தேவையான்னு கேட்டா, சத்தியமா தேவையில்ல. குண்டு மானிட்டர் காலத்துல ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா உள்ள பாஸ்பர்ல தடம் விழுந்துடும்னு கண்டுபுடிச்சது இது, எல்சிடிக்கு அந்தப் பயம் அவ்வளவா கிடையாது, ஓலெட் ஸ்க்ரீன் வச்சிருக்கறவங்களுக்குத்தான் இன்னமும் கவலை, அவங்களுக்குக் கூட ஸ்க்ரீன அணைச்சு விடறதுதான் நல்லது. கரண்ட்டும் மிச்சம். ஆனா இதெல்லாம் சொல்லி எங்கப்பாவுக்குப் புரிய வைக்க முடியுமா? அவருக்கு மீன் வேணும்.

மீன் சேவர் மட்டும் நம்பற மாதிரி ஒண்ணுமே கிடைக்கல. நல்லது எல்லாம் காசு, ஃப்ரீ எல்லாம் பழைய கதை. கடைசில மாமா வீட்டு மீன் தொட்டிய ஃபோன்ல நாப்பது ஃபோட்டோ எடுத்து ஃபோட்டோஸ்ல போட்டுக் குடுத்தேன். அப்பா கைய கட்டிக்கிட்டு ரெண்டு நிமிஷம் பாத்தார். "மீன் நகர மாட்டேங்குதேடா, செத்த மீன் மாதிரி இருக்கு."

அப்போதான் பபிள்ஸ் ஞாபகம் வந்துச்சு. இத்தன நேரம் அத பத்தி நான் ஒண்ணும் எழுதாததுக்கு இதான் காரணம். பபிள்ஸ் மத்ததுங்க மாதிரி ஸ்க்ரீன கருப்பாக்கிட்டு ஓடாது, பின்னாடி என்ன இருக்கோ அது அப்படியே தெரியும், அது மேல கண்ணாடிக் குமிழி மிதக்கும், ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு திரும்பும். செட்டிங்ஸ்னு ஒண்ணுமே கிடையாது, அமுக்கினா மாத்தறதுக்கு எதுவும் இல்லன்னு அதுவே சொல்லிடும். மாமா வீட்டு ஃபோட்டோல நல்லதா ஒண்ண, ஆரஞ்சு மீன் ரெண்டு பச்சைப் பாசிக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி, அத வால்பேப்பரா வச்சேன், பபிள்ஸ ஒரு நிமிஷத்துக்கு வச்சேன், கைய எடுத்துட்டு ரெண்டு பேரும் காத்திருந்தோம். குமிழி ஒவ்வொண்ணா வந்து மீன் மேல மிதக்க ஆரம்பிச்சதும் மனுஷன் முகத்த பாக்கணுமே. ஒரு ரூபா செலவில்ல, ஒரு ஃபைல் கூட வெளிலேருந்து இறக்கல.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பின்னாடி இருக்கறது தெரியும்னா மீன் மட்டும் இல்ல, பேங்க் பக்கம் திறந்திருந்தா அதுவும் குமிழிக்குப் பின்னாடி பளிச்சுன்னு தெரியும். அதனால ஆன் ரெஸ்யூம் டிஸ்ப்ளே லாகான் ஸ்க்ரீன்ங்கற டிக்கையும் போட்டு, எழுந்து போறதுக்கு முன்னாடி விண்டோஸ் கீயையும் டி-யையும் சேத்து அமுக்கினா எல்லா ஜன்னலும் கீழ இறங்கிடும்னு சொல்லிக் குடுத்தேன். எங்கப்பாவுக்கு காப்பி பேஸ்ட் ஷார்ட்கட் கூட இன்னமும் வராது. இது மட்டும் ஒரே தடவைல மனப்பாடம். நேத்து ஃபோன் பண்ணப்போ அம்மா சொன்னாங்க, சாப்பிட கூப்பிட்டா உடனே வர்றதில்லையாம், "இரு, மீனுக்கு வழி விட்டுட்டு வர்றேன்"ங்கறாராம்.